விடியலில் ஒரு பட்டை பதநீர்: திண்டிவனம் - விழுப்புரம் பனைப் பயணம்

மாசி பிறந்துவிட்டால், சென்னையிலிருந்து திருச்சி போகும் ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் தாண்டியதும் இருபுறமும் கடைகள் முளைத்துவிடும். ஒரு பக்கம் தர்பூசணிக் குவியல். அடுத்து நுங்குக் குலை. அதையடுத்து மர நிழலில் குடம், அதன் மேல் கவிழ்த்து வைத்த டம்ளர், 'பதநீர்' என்று எழுதிய அட்டை. பாண்டிச்சேரிக்கும் திருச்சிக்கும் போகும் கார்கள் ஒதுங்கி நிற்கின்றன. மதியம் ஒரு மணி வெயிலில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, 'பதநீர் குடித்தாயிற்று' என்ற திருப்தியோடு கிளம்புகிறார்கள்.

அவர்கள் குடித்தது பதநீர்தானா என்பது வேறு விஷயம். உண்மையான பதநீர் மதியம் ஒரு மணிவரை சாலையோரத்தில் காத்திருக்காது. அதைக் குடிக்க வேண்டுமென்றால் மரம் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். அதுவும் சூரியன் ஏறுவதற்கு முன்பே. அப்படி ஒரு நாள் பயணம் போக நினைக்கும் குடும்பங்களுக்காகவும், தன் நிலத்தில் பனை வைத்திருக்கும் விவசாயிகளுக்காகவும் இந்தக் கட்டுரை.

நாசிக்கும் விழுப்புரமும்

மகாராஷ்டிர மாநிலம் நாசிக், மும்பையிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். சென்னைக்கு விழுப்புரம் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. திராட்சைக்கும் வெங்காயத்துக்கும் பெயர் பெற்ற அந்த மாவட்டத்தில், 1999-ல் தொடங்கிய சூலா நிறுவனம் ஒயின் தயாரிக்க ஆரம்பித்தது. 2005-ல் தோட்டத்திலேயே ருசி பார்க்கும் கூடம் ஒன்றையும் திறந்தது. அதன்பின் சனி, ஞாயிறுகளில் மும்பை, புனே கார்கள் அங்கே வரிசை கட்டத் தொடங்கின. ஜனவரி முதல் மார்ச் வரையான அறுவடைக் காலத்தில் நெரிசல் இன்னும் அதிகம். விவரம் தெரிந்தவர்கள் வார நாளில் போகிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்கிறார்கள். ஒரே நாளில் எல்லாத் தோட்டங்களையும் சுற்றாமல் இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அங்கே வருகிறவர்கள் கொடியைப் பார்க்கிறார்கள், ஒயின் தயாரிக்கும் இடத்தைப் பார்க்கிறார்கள், சிறு சிறு அளவில் ருசி பார்க்கிறார்கள், பிறகு வாங்கிப் போகிறார்கள். பானத்தின் விலையோடு அதன் பின்னால் உள்ள உழைப்புக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்கள். விளைந்த இடத்துக்கே வாங்குகிறவரை வரவழைத்ததுதான் அந்த ஊரின் கெட்டிக்காரத்தனம்.

திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வட்டாரத்தில் ஏரிக்கரையிலும் வரப்பிலும் நிற்கும் பனைகளுக்கும் இந்தப் பெருமை வந்திருக்க வேண்டும். சொல்லப்போனால் ஒயினைவிடப் பதநீருக்குத்தான் பயணம் அவசியம். ஒயினைப் புட்டியில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்கலாம், கப்பலேற்றி அனுப்பலாம். பதநீருக்கு ஆயுள் சில மணி நேரம்தான். ஆனால் இங்கே கூடமும் கிடையாது, சீட்டும் கிடையாது, வழிகாட்டிப் பலகையும் கிடையாது. ஆகவே திட்டமிடும் வேலை முழுக்கப் போகிறவர் தலையில்தான்.

எப்போது போவது?

பாளை விடும் காலத்தைப் பொறுத்துப் பருவம் முன்பின்னாக அமையும். தை, மாசியில் பனையேறிகள் மரத்தைச் சுத்தம் செய்து பாளை பதப்படுத்தத் தொடங்குவார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் உச்சகட்டம். ஆனியில் குறைந்து, மழை பிடித்ததும் அடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சாலையோரம் 'பதநீர்' என்று பலகை தெரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டிய அவசியமில்லை.

நாளைப் பொறுத்தவரை, செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. வெள்ளி மாலையும் சனி காலையும் சென்னைக் கார்கள் தென்திசை நோக்கிப் பாயும். ஞாயிறு மாலை அதே கூட்டம் திரும்பும். விடுமுறை நாள்களில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் சிக்கிக்கொண்டால் காலைப் பதநீரை மறந்துவிட வேண்டியதுதான்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். இரவு முழுக்கச் சுரந்த கலயத்தைப் பனையேறி விடியற்காலையில் இறக்குவார். ஆறு, ஆறரைக்குள் மரத்தடியில் இருப்பவருக்குத்தான் உண்மையான ருசி. அதனால் வெளியூர்க்காரர்கள் முதல் நாள் இரவே திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ தங்கிவிடுவது நல்லது. இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். ரயிலில் வருபவர்களுக்கு விழுப்புரம் சந்திப்பு வசதியானது.

எங்கே போவது?

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போக வேண்டும். விக்கிரவாண்டி வட்டாரத்தில் நரசிங்கனூர், பூரிகுடிசை ஆகிய ஊர்கள் பனையேறிகளால் பெயர் பெற்றவை. நரசிங்கனூரில் பனையேறிகள் 'பனை கனவுத் திருவிழா' நடத்தி, பனையின் உணவையும் கைவினையையும் வெளியூர்க்காரர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். திண்டிவனத்தைச் சுற்றியும், கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகும் பக்கத்திலும் ஏரிக்கரைப் பனைகள் உண்டு.

ஊர்ப் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. முதல் நாள் மாலையே ஊருக்குள் போய், டீக்கடையிலோ பால் கூட்டுறவுச் சங்க வாசலிலோ, 'இந்த வருஷம் யார் மரம் ஏறுறாங்க?' என்று கேட்க வேண்டும். மரம் ஏறுபவரை நேரில் பார்த்து, 'காலையில் இத்தனை பேர் வருகிறோம், இவ்வளவு வேண்டும்' என்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு வாடிக்கையாக வாங்குபவர்கள் இருப்பார்கள். சொல்லாமல் போய் நின்றால், கலயம் காலியாகியிருக்கும் அல்லது பாகு காய்ச்ச அடுப்புக்குப் போயிருக்கும்.

மரத்தடியில் பார்க்க வேண்டியவை

பனையில் ஆண், பெண் தனித்தனி மரம். ஆண்பனையில் விரல் போல நீண்ட பாளை வரும். பெண்பனையில் குரும்பை தாங்கிய பாளை வரும். இரண்டிலும் பதநீர் இறக்கலாம். பெண்பனை கூடுதலாகச் சுரக்கும். பாளையைக் கடிப்பு எனும் மரக்கருவியால் நாள்தோறும் பக்குவமாக நசுக்கிவிட்டு, கயிற்றால் இறுகக் கட்டி, நுனியைச் சீவிவிட்டால் சில நாள்களில் துளித்துளியாகச் சுரக்கத் தொடங்கும். அதன்பிறகு காலையும் மாலையும் நுனியை ஒரு மெல்லிய சீவல் சீவிவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு குறையும். கறவை மாட்டைப் போலத்தான். பால்காரருக்கு விடுமுறை கிடையாது, பனையேறிக்கும் கிடையாது.

ஒருவர் 20 மரம் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையும் மாலையும் ஏறினால் நாளொன்றுக்கு 40 ஏற்றம். மரம் 50 அடி என்றால் 2,000 அடி ஏறி, 2,000 அடி இறங்க வேண்டும். காலில் தளைக்கயிறு, இடுப்பில் கத்திப் பெட்டி, கலயம். பிடி தவறினால் என்ன ஆகும் என்பதை மரத்தடியில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தாலே புரியும். டம்ளர் விலையைப் பேரம் பேச நினைப்பவர்கள், அப்படிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

அடுத்து, கலயத்தின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு தடவியிருக்கும். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 130 கிராம் சர்க்கரை உண்டு. காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றும். சுண்ணாம்பு, சாற்றைக் காரத்தன்மையாக்கி அந்த நுண்ணுயிரை அடக்கி வைக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் பதநீர். தடவாத கலயத்தில் விழுந்தால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று. நடுவில் இருப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு. திராட்சைச் சாறு ஒயினாவதும் இதே ஈஸ்ட்டின் வேலைதான். அதில் சர்க்கரை நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருப்பதால் போதை கூடுதல். கள்ளில் நூற்றுக்கு நான்கு, ஐந்து அளவில் நின்றுவிடும்.

ருசி பார்ப்பது எப்படி?

இறக்கிய கலயங்களைப் பன்னாடையிலோ துணியிலோ வடிகட்டி ஒரே குடத்தில் ஊற்றிவிடுவதுதான் வழக்கம். ஊற்றுவதற்கு முன்பே கேட்டுக்கொண்டால், இரண்டு மரத்துப் பதநீரைத் தனித்தனியாக ருசி பார்க்கலாம். நாசிக்கில் ஐந்து கோப்பைகளில் ஐந்து வகை ஒயினை வைத்துக் காட்டுவதைப் போலத்தான் இதுவும்.

முதலில் ஆண்பனைப் பதநீரில் ஒரு வாய், அடுத்து பெண்பனைப் பதநீரில் ஒரு வாய். பிறகு, சுண்ணாம்பு அடியில் படியும்வரை சற்று நேரம் தெளியவிட்ட பதநீரில் ஒரு வாய். தெளியாதது கலங்கலாக, நாக்கில் சுண்ணாம்புக் காரத்தோடு இருக்கும். தெளிந்தது தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். இனிப்பு முதலில் தெரியும், பின்னால் லேசான ஓலை வாசனை வரும். சர்க்கரைப் பாகில் அந்த வாசனை இருக்காது. வாய்ப்பு இருந்தால் மாலைக் கலயத்தையும் ருசி பார்க்கலாம். பகல் வெயிலில் சுரந்ததால் சற்றுப் புளிப்பு ஏறியிருக்கும். காலைப் பதநீருக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பது அப்போது விளங்கும்.

பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் குடிப்பது தனி ருசி. இளநுங்கைத் தோண்டி அதில் போட்டுக்கொண்டால் காலை உணவே தேவைப்படாது. ஆனால் வெறும் வயிற்றில் லிட்டர் கணக்கில் குடித்தால் வயிறு கலக்கிவிடும். முதல்முறை குடிக்கும் குழந்தைகளுக்குப் பாதி டம்ளர் போதும். சர்க்கரை நோயாளிகள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; 'பனைச் சர்க்கரை ஒன்றும் செய்யாது' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், சர்க்கரை சர்க்கரைதான்.

கலயத்தின் வாயை ஓலையோ வலையோ கொண்டு மூடியிருக்கிறார்களா என்று கவனிப்பதும் நல்லது. இரவில் வௌவால்கள் பாளையைத் தேடி வரும். வங்கதேசத்தில் ஈச்சமரத்துப் பச்சைச் சாற்றை வௌவால்கள் அசுத்தப்படுத்தியதால் நிபா நோய் மனிதர்களுக்குப் பரவியதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. மூடிய கலயத்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் வாடிக்கையாளருக்கு வந்தால், மூடும் பழக்கம் தானாக வந்துவிடும். சந்தேகம் இருப்பவர்கள் காய்ச்சிக் குடிக்கலாம்.

சாலையோரக் குடம்

நெடுஞ்சாலையில் விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. விடியற்காலையில் இறக்கியதைக் கொண்டுவந்து, ஒன்பது மணிக்குள் விற்றுத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பனையேறிக் குடும்பங்களும் உண்டு. ஆனால் நாள் முழுக்கத் தீராத குடத்தில் இருப்பது, பெரும்பாலும் தண்ணீரில் சர்க்கரையோ சாக்கரினோ கரைத்து, சுண்ணாம்பும் கொஞ்சம் பதநீரும் கலந்த நீர்தான்.

வேறுபாடு தெரிந்துகொள்ள நான்கு கேள்விகள் போதும். எந்த ஊர் மரம்? இறக்கியது எத்தனை மணிக்கு? இன்று எத்தனை லிட்டர் கிடைத்தது? யார் ஏறினார்கள்? உண்மையாக இறக்குபவர் தயங்காமல் பதில் சொல்வார். மரத்தைக் கைகாட்டவும் செய்வார். இனிப்பு நாக்கிலேயே வெகுநேரம் ஒட்டிக்கொண்டு, பின்னால் கசந்தால் அது சாக்கரின். நடுப்பகல் வெயிலில் நுரையோ புளிப்போ இல்லாமல் இருந்தால், அதில் புளிப்பதற்கு எதுவும் இல்லை என்று பொருள்.

போலிக் குடத்தால் ஏமாறுவது குடிப்பவர் மட்டும் இல்லை. சர்க்கரைத் தண்ணீர் விற்கும் விலைக்குப் பதநீரை விற்க முடியாமல் பனையேறி நட்டப்படுகிறார். இரண்டு வருடம் இப்படிப் போனால் மூன்றாம் வருடம் அவர் மகன் சென்னையில் வேலை தேடுகிறார். ஏற ஆள் இல்லாத மரம் உரிமையாளருக்குப் பாரமாகிறது. செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது.

'கள் இருக்கா?'

வெளியூர்க்காரர்கள் பனையேறியிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி இது. கேட்பவருக்கு விளையாட்டு; பதில் சொல்பவருக்கு வாழ்க்கை.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கவும் விற்கவும் தடை இருக்கிறது. பதநீருக்குத் தடை இல்லை. பக்கத்திலுள்ள புதுச்சேரியில் அரசு அனுமதித்த கள்ளுக்கடைகள் உண்டு, கேரளத்திலும் உண்டு. ஒரே வகைப் பனை, எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம். இந்தத் தடையை நீக்க வேண்டும் என்று பனையேறிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அது அரசும் நீதிமன்றமும் மக்களும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் இன்றைய நிலையில், கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் ஒருவர் தொழிலாளியா குற்றவாளியா என்று முடிவாகிறது. சுண்ணாம்பு குறைந்து, வெயிலில் தானாகவே புளித்துவிட்ட பதநீருக்குக்கூட விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரலாம்.

காரில் வந்தவர் குடித்துவிட்டு, படம் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுப் போய்விடுவார். வழக்கு என்று வந்தால் கோர்ட்டுக்கு நடப்பவர் பனையேறி. ஏற வேண்டிய நாளில் அவர் கோர்ட் வாசலில் நின்றால், அந்த ஆண்டுப் பாளை காய்ந்துவிடும். ஆகவே பதநீர்ப் பயணம் போகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான், மரத்தடியில் தரக்கூடிய முதல் மரியாதை. முகமும் ஊரும் தெரியும்படி அவரைப் படம் எடுப்பதென்றால் அனுமதி கேட்டே எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2023 மே மாதம் இதே மாவட்டத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்கும் பனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் முகம் தெரியாதவர் மறைவாக நீட்டும் எதையும் குடிக்கக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

அடுப்படியையும் பாருங்கள்

பதநீர் குடித்ததும் கிளம்பிவிடுபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மீதி, பனையேறியின் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. விற்றது போக மீதியைப் பெண்கள் பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். பொங்கி வழியாமல் இருக்க, நசுக்கிய ஆமணக்கு விதையைச் சிறிது போடுவது பழைய வழக்கம். பாகு பதத்துக்கு வந்ததும் கொட்டாங்குச்சியில் ஊற்றி ஆறவிட்டால் பனைவெல்லம். ஒரு கிலோ வெல்லத்துக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அதோடு விறகு, சில மணி நேரம் அடுப்பு அனல்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் கடையில் மலிவு விலையில் கிடைக்கும் 'பனைவெல்லம்' எப்படிப்பட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எட்டு லிட்டர் பதநீரின் விலைக்கும் கீழே ஒரு கிலோ வெல்லம் கிடைத்தால், அதில் சர்க்கரை கலந்திருக்கிறது. பயணத்தின் முடிவில் இரண்டு கிலோ வெல்லத்தை அடுப்படியிலேயே வாங்கி வந்தால், வாங்கியவருக்குச் சுத்தமான பொருள். விற்றவருக்கு இடைத்தரகர் இல்லாத விலை.

பத்துப் பனை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு

மல்லாட்டை போட்ட கொல்லையின் வரப்பில் பத்துப் பனை நிற்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். தாத்தா வைத்த மரம்; தண்ணீரும் கேட்பதில்லை, உரமும் கேட்பதில்லை. ஏற ஆள் கிடைத்தால் குத்தகைக்கு விடுகிறார்கள். கிடைக்காவிட்டால் வெட்டலாமா என்று யோசிக்கிறார்கள். வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வெளியான தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டது. 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டமும் அதில்தான் வந்தது.

இப்படிப்பட்டவர்கள் நாசிக் போல பெரிய கூடம் கட்ட வேண்டியதில்லை. பனையேறியோடு பேசி வருமானத்தில் பங்கு முடிவு செய்துகொண்டு, பருவத்தில் வாரம் இரண்டு நாள், முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் இரண்டு மூன்று குடும்பங்களை மட்டும் காலையில் வரவழைக்கலாம். உட்கார ஓலைப்பாய், கை கழுவத் தண்ணீர், ஒரு கழிப்பறை, ஓலைப் பட்டை, நுங்கு, வாங்கிப் போக வெல்லம். இவ்வளவுதான் முதலீடு. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: விருந்தினரை மரம் ஏற விடக் கூடாது. மரம் ஏறுபவர் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேட்டு, இல்லாவிட்டால் பதிவு செய்ய உதவ வேண்டும்.

ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது வருகிறவர்களிடம் ஆளுக்கு நான்கு பனங்கொட்டையைக் கொடுத்து ஏரிக்கரையில் ஊன்றச் சொல்லலாம். அது பாளை விட 15 ஆண்டுகளாவது ஆகும். இன்று பட்டையில் குடிக்கும் குழந்தை, பெரியவனானதும் வந்து பார்க்க ஒரு மரம் இருக்கும்.

ஒரு நாள் திட்டம்

* முதல் நாள் மாலை: ஊருக்குள் போய் மரம் ஏறுபவரைச் சந்தித்து, எத்தனை பேர், எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடவும். இரவு திண்டிவனம் அல்லது விழுப்புரத்தில் தங்கவும்.
* காலை 5.30: கிளம்பவும். வெறும் வயிற்றில் போகாமல் இரண்டு பிஸ்கெட்டாவது சாப்பிடவும்.
* 6.00 முதல் 7.30 வரை: மரத்தடி. ஏறும்போது நேர் கீழே நிற்கக் கூடாது. கருக்கு மட்டை விழலாம். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்.
* 8.00 முதல் 10.00 வரை: அடுப்படி. வெல்லம், ஓலைப் பொருள்கள் வாங்கலாம்.
* 10.30-க்குப் பிறகு: மயிலம் முருகன் கோயில் அல்லது திருவக்கரை கல்மரப் பூங்கா. கோட்டை பார்க்க நினைப்பவர்கள் செஞ்சிக்கு இன்னொரு நாள் ஒதுக்குவது நல்லது. சித்திரை வெயிலில் மதியம் ஏற முடியாது.
* எடுத்துச் செல்ல: சில்லறை, தொப்பி, சொந்த டம்ளர். பதநீரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஐஸ் நிரப்பிய பெட்டி. மூடியை இறுக்கக் கூடாது. புளிக்கத் தொடங்கினால் வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும்.
* கேட்கக் கூடாதது: கள். குறைக்கக் கூடாதது: விலை.